இருநூறு கைத்துப்பாக்கியும் காசில்தாவின் கூடையும்

துப்பாக்கிப் பட்டறைகள் நிறைந்த எய்பார் ஊரில் காசில்தாவுக்கு இரண்டு காரியங்களால் பெயர். ஒன்று, சொரீசோ என்னும் பன்றித் தொத்திறைச்சி போட்டு அவள் வைக்கும் சிவப்பு பீன்ஸ். மற்றொன்று அவளுடைய வலது கட்டைவிரல். ஒரு மேகசினை, அதாவது துப்பாக்கியின் தோட்டாக் கூட்டை, அந்த விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அது எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை பாலத்திலிருந்து கூடையோடு ஆற்றில் விழுந்த நாற்பது மேகசின்களையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டே ஜோடி சேர்த்துக் கொடுத்தாளாம். நாற்பத்தொன்றாவதாக ஒரு மீனும் கைக்கு வந்ததாம். அதையும் விடவில்லை.

கணவன் இறந்த பிறகு, கொழுந்தன் தொரீபியோவின் பட்டறையில் அவளுக்கு அந்த வேலைதான். தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் அடியிலிருந்து செருகும் தகரக்கூட்டை அரத்தால் ராவி, ராவி, அந்தந்தத் துப்பாக்கியில் 'டக்' என்று உட்கார வைக்க வேண்டும். கால் பார்த்துச் செருப்பு தைப்பது போல, துப்பாக்கி பார்த்துக் கூடு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதில் தவறிருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, பெரிய போரின் இரண்டாம் வருடத்தில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து கேப்டன் பெலிசூ சோதனைக்கு வரும்வரை.

வரும் முன்பே கடிதம் வந்தது. எந்த மேகசினை எந்தத் துப்பாக்கியில் போட்டாலும் நிற்க வேண்டும். ஒன்று கழன்று விழுந்தாலும் ராணுவத்துக்காகச் செய்த இருநூறு துப்பாக்கியும் திரும்பும். ஒப்பந்தம் எதிர்ப்பட்டறைக்குப் போகும். பட்டறையில் பதினோரு பேர். குளிர்காலம் வேறு வாசலில் நின்றது.

"போச்சு அண்ணி, எல்லாம் போச்சு," என்றான் தொரீபியோ.

"என்ன போச்சு? கூடையை நான் பிடிச்சுக்கறேன். நீ வாயைப் பிடிச்சுக்க."

கேப்டன் வந்தார். பூனை மீசை, கோதுமை நிற முகம், நல்ல பசி. மேசையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். கூடையோடு நின்ற காசில்தா, பணிவாகத் தலையைக் குனிந்து, உள்ளே விரலால் தேடி ஒரு மேகசினை நீட்டினாள். டக். கேப்டன் உலுக்கினார். விழவில்லை. அடுத்தது. டக். அறுபது துப்பாக்கி பார்த்தார், அறுபதும் டக்.

"பிரமாதம்! இந்த ஊரிலேயே இப்படி ஒரு பட்டறையை நான் பார்த்ததில்லை," என்றார்.

தொரீபியோ வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சாப்பாட்டில் கேப்டன் இரண்டு தட்டு பீன்ஸ் காலி செய்தார். ரொட்டியால் தட்டையும் துடைத்தார். ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் போர்முனைக்குத் திரும்புவதால் தனக்கென ஒரு துப்பாக்கியைச் சீட்டெழுதி வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் கூடைக்குள் அவரே கையை விட்டு, இரண்டு மேகசின்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலடிக்குப் புறப்பட்டார்.

தொரீபியோ மேசையைச் சுற்றி ஆடினான். தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காசில்தாவின் கை நின்றது.

"டேய், அவர் எடுத்துட்டுப் போனது பாதிரியாரைத்தானே?" துப்பாக்கிகளுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருந்தாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"பையில போட்டது ரெண்டும் என் மாமியாரோடது. மாமியாரைக் கொண்டுபோய்ப் பாதிரியாருக்குள்ள வச்சா நிக்குமா? உள்ள இருக்கற கூட்டோட ஒன்பது குண்டுக்கு அவர் கேப்டன். பத்தாவதுக்கு?"

"அண்ணி! கையெழுத்து விழுந்தாச்சு. உக்காரு."

"ரெண்டு தட்டு சாப்பிட்ட மனுஷன்டா!"

பாதிரியாருக்குரிய உதிரி மேகசின்கள் இரண்டையும் ஏப்ரனில் முடிந்துகொண்டு அவள் ஓடினாள். உண்மையைச் சொல்லாமலே மாற்றிவிடுவதுதான் திட்டம். ரயிலடியில் கேப்டனைப் பிடித்து, "போய்ட்டு வாங்கய்யா!" என்று தழுவிக்கொண்டாள். வலது கை அவருடைய கோட்டுப் பைக்குள் நழுவியது.

கேப்டன் மணிக்கட்டைப் பிடித்தார். "அம்மா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

மீன்கூடையோடு ரயிலுக்கு நின்ற பெர்பெதுவா சும்மா இருப்பாளா? "அடியே காசில்தா, ஒத்த பீன்ஸ்ல பிரெஞ்சுப் பட்டாளத்தையே கவுத்துட்டியே!" என்று கத்தினாள். நடைமேடையே திரும்பிப் பார்த்தது.

இனி மறைத்துப் பயனில்லை. காசில்தா மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்: கூடை, விரல், அறுபது டக். கேப்டன் நம்பவில்லை. துப்பாக்கியிலிருந்ததைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த ஒன்றைச் செருகி உலுக்கினார். அது அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது. மற்றதைச் செருகினார். பாதியில் சிக்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. காசில்தா வாங்கி, கைப்பிடியில் ஒரு குத்து குத்தி அதை உருவிக் கொடுத்தாள்.

கேப்டன் பூட்ஸ் மேல் விழுந்ததைக் குனிந்து எடுத்தார்.

"இங்க எடுத்துக் குடுக்க நீங்க இருக்கீங்க. அங்க பதுங்குகுழியில யாரு இருக்கா? உங்களையும் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வரலாம்தான். கோழிக்கு யாரு தீனி போடுவா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து, கையெழுத்துக்குக் குறுக்கே நான்காகக் கிழித்து அவள் கையில் வைத்தார். ரயில் ஊதியது.

"அப்ப வேலை எதிர்ப்பட்டறைக்கா?" காசில்தா கிழிந்த துண்டுகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எதிர்ப்பட்டறை துப்பாக்கியும் ஒண்ணு போன மாசம் வாங்கினேன். அங்கிருந்து யாரும் என் பின்னால ஓடி வரலையே." கேப்டன் படியில் ஏறினார். "மூணு வாரம். எந்தக் கூடும் எதுலயும் நிக்கணும். கூடையை நான்தான் பிடிப்பேன்."

பாதிரியாரின் மேகசின்களை ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாக அவள் எறிந்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் தொரீபியோ புட்டியைத் திறந்து வைத்திருந்தான். "என்ன அண்ணி, மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். இன்னொரு நல்ல சேதியும் இருக்கு. நமக்கு மூணு வாரத்துக்கு வேலை கூடியிருக்கு."

நான்கு துண்டுக் காகிதத்தையும் அவள் மேசையில் பரப்பினாள். தொரீபியோ நாற்காலி இருப்பதாக நினைத்து உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

ஒரே ஒரு துப்பாக்கியை அளவாக வைத்துக்கொண்டு, பதினோரு பேரும் மற்ற எல்லாத் துப்பாக்கிகளையும் கூடுகளையும் மறுபடி ராவினார்கள். சொன்ன நாளில் கேப்டன் வந்து, காசில்தாவைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டு, கூடையைத் தானே பிடித்தார். ஒன்றும் விழவில்லை. அந்த மூன்று வாரமும் தொரீபியோ அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட மட்டும் மூன்று வேளையும் தவறாமல் வந்தான்.