ஆறு மணிக்கு அறுந்துபோகும் இணைப்பு

அம்பிகாவை மதன் முதன்முதலாகப் பார்த்தது ஒரு புதன்கிழமை மதியம். தில்லி மயூர் விஹாரில் வைதேஹி மாமியின் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான். இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்று புகார் கொடுத்திருந்தான். கதவைத் திறந்தால், தோளில் கேபிள் சுருளோடு ஒரு பெண். அவன் தன் அரைகுறை இந்தியில் விளக்கத் தொடங்கினான். அந்த இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் ஒன்றுதான். அவள் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள்.

“தமிழ்லயே சொல்லுங்க பையா. இந்தி பாவம், விட்ருங்க.” ‘அண்ணா’வுக்கு அவள் வாயில் தில்லியின் ‘பையா’தான் வந்தது.

“தமிழா நீங்க? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“உங்க இந்தியே சொல்லுதே.”

அம்பிகாவின் பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு தில்லி வந்தவர்கள். அவள் பிறந்ததே இங்கேதான். அம்மா பவுனு இன்றும் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அம்பிகா, இணைய நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடம் தொலைபேசியில் திட்டு வாங்கும் வேலை பார்த்தாள். பிறகு வீடு வீடாகப் போய் இணைப்பைச் சரிசெய்யும் லைன் வேலை கேட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு ஏணி எதற்கு என்று மேலாளர் சிரித்தார். விடாமல் நச்சரித்து வாங்கியிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை கேபிள் முனையை மாற்றினாள், நன்றாக ஓடியது. சாயங்காலமே போய்விட்டது. அடுத்த வாரம் மறுபடி வந்து ரவுட்டரையே மாற்றினாள். அன்றும் மதியம் நன்றாகத்தான் ஓடியது.

மதனும் சும்மா இருக்கவில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ். வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் இழுத்தான். விளையாட்டை அழித்துப் புதிதாக ஏற்றினான். ஐந்து பேர் அணியாக ஆடும் ஆன்லைன் போட்டி அது. நடுவில் இவன் மறைந்து மறைந்து தோன்றியதால் அணித்தோழன் அர்ஜுன் ‘மின்மினி’ என்று பெயர் வைத்துவிட்டான். அந்தக் கடுப்பில் மூன்றாவது புகாரையும் தட்டிவிட்டான்.

பத்தே நிமிடத்தில் அம்பிகா கூப்பிட்டாள். “மறுபடி கம்ப்ளெயின்ட் போட்டீங்களா பையா?”

“ஆமா. போடக் கூடாதா?”

“போடலாம். ஒரே வீட்ல ஒரே மாசத்துல மூணு தடவ வந்தா, போன ஆளுக்கு வேல தெரியலன்னு எழுதிருவாங்க. நாள மறுநாளுக்குள்ள சரி பண்ணலன்னா நான் திரும்ப ஃபோன் எடுக்கற சீட்டுக்குத்தான் போகணும்.”

மதனுக்கு என்னவோ போலாகிவிட்டது. “அப்ப வாபஸ் வாங்கிர்றேன்.”

“வேணாம். வாபஸ் வாங்கினா கோளாறு போயிருமா? எத்தன மணிக்குக் கட் ஆகுது, அதச் சொல்லுங்க.”

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. அவனும் சொல்லவில்லை. “சாயங்காலம்தான். ஆறு, ஆறேகாலு... விட்டு விட்டுப் போவும்.”

“அச்சா! கல்யாணம் சாயங்காலம், நான் மத்தியானம் வந்து மாப்பிள்ளையத் தேடியிருக்கேன்.”

மறுநாள் வேலை முடிந்த பிறகு, ஐந்தே முக்காலுக்கு வந்தாள். ரவுட்டர் கூடத்தில், சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. எதையும் கழற்றவில்லை. தன் கைபேசியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். “எத்தன நேரமா அணையாம ஓடுதுன்னு இதுலயே காட்டும். பதினோரு மணி நேரம்னு இருக்கு. காலைல யாராச்சும் ஆஃப் பண்ணீங்களா மாமி?”

“நான் ஏன் அதைத் தொடப்போறேன்? தூசி தட்டறதுக்கே பயமா இருக்கு” என்றாள் வைதேஹி மாமி.

மதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினான். மணி ஆறானது. குழாயில் தண்ணீர் வரும் நேரம். மாமி சமையலறைக்குப் போய், தண்ணீர் இழுக்கும் மோட்டாரின் சுவிட்சைப் போட்டாள். கூடத்து விளக்கு ஒரு கணம் மங்கியது. ரவுட்டரின் பச்சைப் புள்ளிகள் மொத்தமாக அணைந்து, ஒவ்வொன்றாக மெல்ல எரியத் தொடங்கின. மதனின் திரை உறைந்து நின்றது.

“காத்துதான் வர்றது” என்று மாமி சுவிட்சை அணைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டாள். மறுபடியும் புள்ளிகள் அணைந்தன.

“பாத்தீங்களா? ரெண்டுக்கும் ஒரே லைன். மோட்டார் கெளம்பறப்ப கரன்ட்ட ஒரே இழுப்பா இழுக்குது. இந்த டப்பா செத்துப் பொழைக்குது. எந்திரிச்சு உக்கார மூணு நிமிஷம்.”

மதன் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆடுபவன். மோட்டாரும் காதில் விழாது, விளக்கும் கண்ணில் படாது. வெளிநாட்டு சர்வர் வரை சந்தேகப்பட்டவன் பக்கத்துச் சமையலறையைச் சந்தேகப்படவில்லை.

“அடிக்கடி போட்டு அணைக்காதீங்க மாமி” என்றான்.

“போட்டுப் பார்க்காம ஜலம் வந்துடுத்தான்னு எப்படித் தெரியும்? பதினெட்டு வருஷமா இப்படித்தான் போடறேன். அப்போ உன் விளையாட்டு எங்கேடா இருந்தது?”

அம்பிகா பையிலிருந்து கையகலமுள்ள ஒரு பேட்டரிப் பெட்டியை எடுத்து ரவுட்டரோடு இணைத்தாள். “மாமி, இப்பப் போடுங்க. ஜல்தி.”

“ஜலமே வரலையேடி.”

“வராட்டியும் போடுங்க.”

மாமி ஆறு தடவை போட்டாள், ஆறு தடவை அணைத்தாள். விளக்கு மங்கியது; பச்சைப் புள்ளிகள் அசையவில்லை. லேப்டாப்பிலிருந்து அர்ஜுனின் குரல் வந்தது. “டேய் மின்மினி, இன்னுமா இருக்க?”

புகாரை முடிக்கும் நான்கு இலக்க எண் மதனின் கைபேசிக்கு வந்தது. அதை அவளிடம் சொன்னால் அவள் வேலை தப்பித்தது. அவன் வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இப்ப வேணாம். காலைலயும் தண்ணி வருமில்ல? அதையும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“உங்களுக்குக் கெடு நாளைக்குத்தானே?”

“நாளைக்குத்தான். அதுக்காக அரைகுறையா முடிக்கவா?”

மறுநாள் காலை ஆறரைக்கே மதன் ரவுட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மாமி வழக்கம்போல் போட்டு, அணைத்து, போட்டாள். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஏழு மணிக்கு அம்பிகாவைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னான். அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

அம்பிகா இப்போது அதே நிறுவனத்தில் லைன் வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். மயூர் விஹார்ப் புகார்கள் அவள் பொறுப்பு. தொலைநிலைக் கல்வியில் கணினிப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவர்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்தான்.