முன்பக்கத்துக்காரரின் சொந்த வசனம்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்தான். ஆனால் வேதம் வாசிக்கும் கூட்டத்தில் அவருக்கு விழுந்த பெயர் முன்பக்கத்துக்காரர். யாராவது ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு, "பாருங்க, வேதத்துலயே இப்படிப் போட்டிருக்கே!" என்று கிளம்பினால் போதும். மனுஷன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதுக்கு முன்பக்கத்தைத் திருப்புங்க. யாரு, யார்கிட்ட, எதுக்குச் சொன்னாங்க?" என்பார். எல்லாம் தொழில் புத்தி! நின்றுபோன மெஷினைத் தொடுவதற்கு முன்னாலும், "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?" என்றுதான் கேட்பார்.

'பகைவனின் வாசலில் உப்பைக் கொட்டு' என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வரும் பேக்கரிக்காரர் பக்கத்து வீட்டோடு மல்லுக்கு நின்றபோது, இவர்தான் புரட்டிக் காட்டினார். முன்பக்கத்தில் ஊரே உப்பில்லாமல் தவிக்கிறது. பகைவனும் ருசியாகச் சாப்பிடட்டும் என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. பேக்கரிக்காரர் அசடு வழிந்துகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஒரு பன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஊருக்கெல்லாம் சரி, வீட்டுக்கு? வீட்டில் வாக்குவாதம் வந்தால் ஐயா கையில் ஒரே வசனம்: 'ஒரு வீட்டில் ஒரு குரலே ஒலிக்கட்டும்.' அந்தக் குரல் யாருடையது என்று கேட்கவா வேண்டும்?

இன்றைக்கும் அதையே எடுத்து வீசினார். மகளுக்கு வெளியூரில், தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் வெளியூர் போறேன்ப்பா" என்று அவள் வாயெடுத்ததுமே கத்தித் தீர்த்துவிட்டார். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்துபோய், வேதத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏங்க, உங்க வசனத்துக்கு முன்பக்கம் படிச்சிருக்கீங்களா?"

"அதுல என்ன இருக்கப்போகுது?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இன்னைக்குத்தான் எனக்கே புத்தி வந்து எடுத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்க."

புரட்டினார். அதைச் சொன்னது ஞானி இல்லை, தலைக்கனம் பிடித்த ஒரு ராஜா. அடுத்த பக்கத்தில் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியேறிவிட, காலி அரண்மனையில் ராஜா தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு குரல்தான் ஒலித்தது.

மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எழுந்துபோய் மகளின் கதவைத் தட்டினார்.

"அம்மாடி, திற."

"முடியாதுன்னுதானே சொல்லப்போறீங்க?"

"இல்லம்மா. நீ கடைசி வரியைச் சொன்னதும் கத்திட்டேன். அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு, சொல்லு."

கதவு திறந்தது.

"இன்டர்வியூல ஓடாத மோட்டார் ஒண்ணை மேசைமேல வெச்சாங்கப்பா. மத்தவங்க எல்லாரும் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்தாங்க. நான் மட்டும், நிக்கிறதுக்கு முன்னாடி இது என்ன பண்ணுச்சுன்னு கேட்டேன். அதுக்கே வேலை குடுத்துட்டாங்க. இப்படிக் கேக்க யாரு சொல்லிக்குடுத்தான்னு விசாரிச்சாங்க."

"யாருன்னு சொன்னே?"

"எங்கப்பான்னுதான்."

பெருமை தாங்காமல் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இவளுக்குப் பெரிய பெட்டி ஏதாவது இருக்கா பாரு!" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"காலையிலயே துடைச்சு வெச்சாச்சு" என்றாள் மனைவி.