பின் சக்கரங்களும் இழுத்த குட்டி டீசல் எஞ்சின்

போன செவ்வாய் காலை, தலவாக்கலையில் ஒரு சைக்கிள் கடையில் வால்வு டியூப் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்குறா?" என்றபடி கடைக்காரர் தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார். என்னிடம் சைக்கிள் கிடையாது. அந்த ரப்பர் வாசனைக்காகத்தான் வாங்கினேன். மூக்கருகே கொண்டுபோனதும் பழைய கோபம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

எழுபத்தெட்டில் நான் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் இளைய கிளாக்கர். தோட்டத்து மேலாளரான எங்கள் பெரிய துரை, பங்களாவின் முன்கூடத்தில் மேசைமேல் ஒரு குட்டி ரயில் பாதை போட்டிருந்தார். மலை உண்டு, சுரங்கம் உண்டு. டீசல் எஞ்சின் ஒரு சாண் நீளம். பெட்டிகளை மாட்டினால் ஏற்றத்தில் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. ஃபெக்டரி ஃபிட்டர் அருளப்பனை அழைத்தார்கள். அழைத்தார்கள் என்றால், சமையல் நடக்கும் குசினி வரைக்கும். தோட்டத்து ஆள் அதைத் தாண்டக் கூடாது. காற்சட்டை போட்ட கிளாக்கர் நான் தாண்டலாம். அந்தப் பெருமையோடு எஞ்சினைக் கையில் ஏந்திக்கொண்டு இங்குமங்கும் நடந்தேன்.

அருளப்பன் குசினிப் படியில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். நடுவில் மோட்டார். அதன் தண்டு முன் சக்கரங்களை மட்டும் சுற்றியது. பின் சக்கரங்கள் வெறுமனே உருண்டன.

"முன்னால நாலு பேரு இழுக்குறாங்க, பின்னால நாலு பேரு சும்மா கூட வாராங்க. நம்ம ஆபீஸ் மாதிரிதாங்க, கிளாக்கரய்யா."

சுருக்கென்றது, சிரித்தும் விட்டேன்.

மோட்டாரின் பின்பக்கமும் தண்டின் நுனி சும்மா நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டவர் அவர்தான். மூன்று ஞாயிறுகள், பூசை முடிந்து வந்து வேலை செய்தார். பித்தளைக் கம்பியில் திருகுப் புரி வெட்டினார். கடிகாரத்துப் பல்சக்கரம் ஒன்றை அராவிப் பின் அச்சில் பொருத்தினார். வளைவில் திரும்பும்போது முறியாதிருக்க, தண்டையும் புரியையும் வால்வு டியூப் துண்டால் இணைத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று.

"அது ஏறுறத ஒரு தடவ பாக்கணுங்க. தொரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். துரை பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓடுதுன்னு போய்ச் சொல்லு" என்றார். அவருடைய நாய் மேசையோரம் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. நாய்க்கு அனுமதி இருந்தது.

எட்டுப் பெட்டிகளோடு எஞ்சின் ஏறியது. சொல்லப் போனேன். அருளப்பன் குசினிச் சுவரில் காதை வைத்தபடி, பேசாதே என்று எனக்குக் கை காட்டினார். "ரெண்டு பக்கமும் இழுக்குதுங்க," என்றார். பிறகு அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் துரையிடம் மறுபடி கேட்கவில்லை. அன்றைய நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது: "துரையின் எஞ்சின் சரி. எட்டுப் பெட்டி. பிற்பகல் மழை." மழையை எழுதியவன் அருளப்பன் பெயரை எழுதவில்லை. எண்பத்திரண்டில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

டியூப் வாங்கிய அன்றே அந்தப் பங்களாவுக்குப் போனேன். இப்போது அது உல்லாசப் பயணிகள் விடுதி. ரயில் மேசை இல்லை. குசினியும் முன்கூடமும் சேர்ந்து ஒரே சாப்பாட்டு அறை. நடுவில் இருந்த சுவர் எங்கே என்று தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அது வெறும் பலகைங்க. ஒரு காலையிலயே கழட்டிட்டாங்க."