வாசலுக்கு மேலே திருஷ்டி பொம்மை

பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸ் பகுதியில் வாங்கிய புது வீட்டில் எங்களுக்கு அதுதான் முதல் ஹாலோவீன். "பேய்க் கொண்டாட்டமெல்லாம் நமக்கு வேணாம்" என்று, மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் வராமலிருக்கக் கணவர் வாசல் விளக்கை அணைத்துவிட்டார். அப்படியும் அழைப்பு மணி ஓயவில்லை. பொறுக்கமாட்டாமல் நான் கதவைத் திறந்தேன். எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளுமாக வேஷம் போட்ட பிள்ளைகள் கூட்டமே அண்ணாந்து நின்றது. கிரகப்பிரவேசத்தன்று ஊர்க்கண் படாமலிருக்க நாங்கள் மாட்டிய திருஷ்டி பொம்மை, கோரைப்பல்லும் தொங்கிய நாக்குமாகத் தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர்களை முறைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவிலேயே உங்கள் அலங்காரம்தான் பிரமாதம் என்றாள் ஒரு குட்டிச் சூனியக்காரி, பிரெஞ்சில். எனக்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தீபாவளி முறுக்கு டப்பாவைத் தூக்கிவந்தேன். முறுக்கு பாதி தீர்ந்தபோது கணவர் எழுந்துவந்து வாசல் விளக்கைப் போட்டார்.

"இருட்டுல பொம்மை சரியாத் தெரியல" என்றார்.