ஈஸ்டருக்காகத் தள்ளிப்போட்ட முட்டைகள்

குன்வோர் அக்காவைப் பற்றி ஊர் ஆயிரம் உளறட்டும். அவளிடம் படகு ஓட்டும் ஓத்வார் நான் சொல்கிறேன், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

லோஃபோட்டன் தீவுகளில் அணை போட்டு அடைத்த சின்னக் குடாவில் அவள் காட் மீன்குஞ்சு வளர்க்கிறாள். பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு ஒரு வாரத்துக்குத்தான் வரும். அதற்குள் அது செம்பொடியின் குஞ்சைத் தின்னப் பழகிவிட வேண்டும். செம்பொடி என்பது எள்ளளவு கடல்பூச்சி. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. மீன்குஞ்சின் சின்ன வாய்க்குள் அதுதான் நுழையும். மூன்று வருஷம் எல்லாம் செத்துப்போயின. இந்த வருஷமும் போனால் குத்தகைக்கு எடுத்த குடாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தத் தடவை முட்டைகள் சரியாக ஈஸ்டர் வாரத்தில் பொரிய இருந்தன. ஈஸ்டருக்கு மலைக்குடிலில் ஆரஞ்சு உரிக்காதவன் எங்கள் ஊரில் மனுஷனே இல்லை.

"அக்கா, நான் போகலன்னா என் பொண்டாட்டி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவா."

"ஏண்டா, மீனுக்கு ஈஸ்டர் தெரியுமா?"

"முட்டைத் தொட்டியக் கொஞ்சம் ஜில்லுன்னு வச்சா பத்து நாள் தள்ளிப் பொரியும்ல?"

சிரித்துவிட்டாள். "போய்த் தொலை. எனக்கும் ரெண்டு ஆரஞ்சு கொண்டா."

நான் திரும்பி வந்தபோது குடா முழுக்கச் செம்பொடியால் சிவந்து கிடந்தது. அன்று காலைதான் முட்டைகள் பொரிந்திருந்தன.

"அக்கா, சாப்பாடு கொட்டிக் கிடக்கு!"

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூச்சியெல்லாம் வளந்துருச்சுடா. வெயிலு கொளுத்திருச்சு. பூச்சிக்குஞ்சு ஒண்ணுகூட மிச்சமில்ல."

பொரிந்ததைத் திரும்ப முட்டைக்குள் அனுப்ப முடியுமா? படகை எடுத்துக்கொண்டு வெளிக்கடலில் பூச்சிக்குஞ்சு தேடி நாலு நாள் வலை இழுத்தேன். வந்ததெல்லாம் வளர்ந்த தடிப்பயல்கள்தான். சனியனே, ஒரு பத்து நாள் உன் பூச்சியைச் சின்னதாக வைத்திருக்க முடியாதா என்று கடலைத் திட்டினேன். கடல் என்ன செய்யும்?

குடாவில் விட்ட மீன்குஞ்சுகள் அந்தச் சிவப்புக்குள்ளேயே நீந்தின. பூச்சியை முட்டிப் பார்க்கும், வாயைத் திறக்கும், விட்டுவிடும். கண்ணாடி மாதிரி உடம்பு. காலி வயிறு வெளியே தெரிந்தது. பத்தாம் நாள் தலைகீழாக மிதக்க ஆரம்பித்தன. நானும் அவளும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஆரஞ்சு இரண்டும் என் பையிலேயே இருந்தன.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"மலையில பனி நல்லா இருந்துச்சாடா?"

"இருந்துச்சுக்கா" என்றேன்.