பீரங்கியின் கீபோர்டு

பஸ் பணிமனை ஸ்டோரில் பத்தொன்பது வருஷமாக ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் பீரங்கி. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் ஜன்னலுக்கு மேலே யாரோ சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு முறை சுவருக்கு வெள்ளையடித்தபோது அது போய்விட்டது; மறுநாளே திரும்ப வந்தது. எழுதியது அவளேதான் என்று சொன்னவர்களும் உண்டு.

ஜன்னலுக்கு ஒரே ஒரு சட்டம். பழசைக் கொடுத்தால்தான் புதுசு. பேரிங்கோ, பெல்ட்டோ, ஆயில் சீலோ, தேய்ந்துபோனதைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைக்க வேண்டும். அவள் அதைத் திருப்பிப் பார்த்து, விரலை விட்டுச் சுற்றி, பேரிங் என்றால் காதோரம் வைத்துக் கேட்டு, நிஜமாகவே செத்ததுதான் என்று மனசு ஒப்பினால் எழுந்து உள்ளே போவாள். ஒப்பாவிட்டால் அவள் குரல் பஸ் கழுவும் இடம் வரைக்கும் கேட்கும். கையை வீசிக்கொண்டு வந்து புதுசு கேட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்பது டிரைவர்களுக்குக்கூடத் தெரியும்.

அந்தக் குரல்தான் போனது. தொண்டையில் கட்டி வந்து, டாக்டர்கள் குரல்வளையை எடுத்துக்கொண்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழசைக் கொடுத்தால் புதுசு என்பதுதான் அவள் சட்டம். ஆனால் இந்தத் தடவை கைக்கு வந்தது புதுசில்லை என்று அவளுக்கு ஒரு மனத்தாங்கல்.

மூன்று மாசம் கழித்து, மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையை மறைக்கிற துணியோடு வேலைக்கு வந்தவளை மேனேஜர் தன் அறையில் உட்கார வைத்தார்.

"ரெண்டு வாரம் பாப்போம்மா. ஜன்னல்ல கூட்டம் நிக்கக் கூடாது, சாமான் கணக்கில்லாம போகக் கூடாது. சரிப்படலேன்னா உள்ள லேபிள் ஒட்டுற வேலை இருக்கு. ஏசி ரூம். யாரோடயும் பேச வேண்டியதே இல்ல, பாருங்க."

அந்த 'பாருங்க'வை அவள் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஏற்கெனவே ஒரு சின்ன டேப்லெட் வாங்கச் சொல்லியிருந்தாள். அடித்துவிட்டு 'பேசு' என்ற பொத்தானைத் தொட்டால் அது வாசித்துக் காட்டும். அதில் மூன்று கீபோர்டு ஏற்றியிருந்தாள். "மூணையும் போட்டுப் பாருங்கம்மா. எது கைக்கு வருதோ அதை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் எடுத்துருங்க. மாத்தி மாத்தி அடிச்சா ஒண்ணும் கைக்கு வராது."

முதல் கீபோர்டில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழில் விழும். அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஒருத்தனைத் திட்டுவதற்கு இன்னொரு மொழி வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது; கோபம் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விடும். இன்னொன்று வெறும் எழுத்துப் பலகை. கட்டம் கட்டமாகத் தமிழ் எழுத்து, அவ்வளவுதான். தானாக ஒன்றும் சொல்லாது, ஒன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அடிக்கடி சொல்கிற வாக்கியத்தை ஒற்றை எழுத்துக்குள் நாமே முடிந்து வைக்கலாம், அந்த எழுத்தைத் தட்டினால் முழுசும் பேசும் என்று அந்தப் பெண் சொன்னது இவள் காதில் ஏறவில்லை.

நடுவில் இருந்ததுதான் கெட்டிக்கார கீபோர்டு. ஒரு வார்த்தை அடித்தால் அடுத்த வார்த்தையை மேலே ஒரு பட்டையில் காட்டும். பழகப் பழக நம் பேச்சைக் கற்றுக்கொள்ளும். அதற்கு சிபாரிசு செய்தவர் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர்; ரொம்ப சன்னமாகப் பேசுவார்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ இதுல நான் பழகிப் பாத்துட்டேன். நாம நினைக்கறதுக்கு முன்னாடி அது எடுத்துக் குடுத்துடுது. இதையே வச்சுக்க."

இருபத்தாறு வருஷமாக அவர் ஆரம்பித்த வாக்கியங்களை முடித்து வைத்தவள் அவள்தான். இனி அவள் ஆரம்பிப்பதை ஒரு மிஷின் முடிக்கும் என்பதில் அவருக்கு என்னவோ ஒரு நிம்மதி இருந்தது போலிருந்தது. வேகம்தான் முக்கியம் என்று அவளும் அதையே வைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் ஜன்னல் திருவிழா மாதிரி இருந்தது. எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களில் முதல் ஆள் மீசை. ஸ்டோருக்கு வருவதற்கு முன்னால் மீசையை நீவிவிட்டுக்கொண்டு வருகிற மெக்கானிக்.

"என்ன, வெடிமருந்து தீந்துபோச்சா?" என்று கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டான். அவள் அடித்து முடிப்பதற்குள், "சரி சரி, கடுதாசி போட்டுடுங்க, வந்து சேரும்" என்று போய்விட்டான். அரைகுறை வாக்கியத்தை டேப்லெட் அவன் முதுகுக்கு வாசித்தது. ரயில்வே ஸ்டேஷனில் தாமதத்துக்கு வருந்துகிற குரல். அந்தக் குரலில் 'எருமை' என்று சொன்னால் யாருக்கும் உறைக்கவே இல்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அது நடந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர். மீசை வெறுங்கையோடு வந்து பேரிங் ஒன்று கேட்டான். புதுசு தற்செயலாகக் கட்டையிலேயே இருந்தது. வேறொருவனுக்காக எடுத்து வைத்தது. 'சரி, பழசு எங்க?' என்று கேட்கத்தான் அவள் அடிக்க ஆரம்பித்தாள். 'சரி' வந்ததும் பட்டையில் வார்த்தைகள் குதித்தன. அவசரத்தில் படிக்காமல் தொட்டாள், தொட்டாள், 'பேசு'வைத் தொட்டாள்.

"சரிக்கா, எடுத்துக்க," என்றது டேப்லெட், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

கடைசியில் நின்ற டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள்.

"ஏய், மீசை வச்ச அக்காவுக்கு வழி விடுங்கப்பா!" என்று மீசை பேரிங்கை எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினான். "அவங்களே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. எத்தனை பேர் கேட்டீங்க?"

அவள் கட்டையைக் கையால் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பவில்லை. சாயங்காலம் மேனேஜர் வந்து ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை ஒரு நாள் நானே நின்னு பாக்கறேம்மா. அதுக்கப்புறம் லேபிள் ரூம் சாவி குடுத்துடறேன்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. மீசையைத் திட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்தொன்பது வருஷத்தில் அவள் யாரிடமும் 'சரிக்கா' என்று சொன்னதில்லை. அவளுக்கு அக்காவே கிடையாது. பழகப் பழகக் கற்றுக்கொள்ளும் மிஷின் என்றால், இதை யார் கற்றுக்கொடுத்தது?

கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து 'சரி' என்று அடித்தாள். 'க்கா' என்றது பட்டை. தொட்டாள். 'எடுத்துக்க.' தொட்டாள். 'அவகிட்ட.' தொட்டாள். 'சொல்லாத.' அவள் கை நின்றது. பிறகு இன்னும் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனாள். முழு வாக்கியமும் தானாக வந்து படுத்துக்கொண்டது. டேப்லெட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து 'பேசு'வைத் தொட்டாள்.

"சரிக்கா எடுத்துக்க அவகிட்ட சொல்லாத மிக்ஸி சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கறேன்," என்றது ரயில்வே குரல்.

மிக்ஸி சர்வீஸுக்குப் போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது. அவருடைய கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் மிஷின் இவ்வளவு தைரியமாகச் சொல்லாது. அவள் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினாள். ஸ்டோரில் அதற்கு, 'அடுத்தது என்ன?' என்று அர்த்தம்.

"இஸ்திரிப் பெட்டியும்," என்றார். அவள் மறுபடி தட்டியதும், "மடக்குக் கட்டிலும்."

அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு. தம்பி டேப்லெட்டில் மெசேஜ் எழுதிப் பழகுவதற்குக் கிடைத்த ஆள் அக்காதான். அக்காவுக்குத் தம்பியிடம் கேட்கக் கிடைத்த நேரமும் அதுதான்.

"நீ திரும்பி வருவியோ மாட்டியோன்னு இருந்துது அப்போ. அக்காதான், 'இனிமே அவ எங்கடா அரைக்கப் போறா'ன்னு..." என்று ஆரம்பித்தார். வழக்கம்போல அவரால் முடிக்க முடியவில்லை. இந்தத் தடவை அவளும் முடித்துக் கொடுக்கவில்லை.

டேப்லெட்டை எடுத்து கெட்டிக்கார கீபோர்டை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். ஆங்கிலக் கீபோர்டையும் கூடவே அனுப்பினாள்.

"அதை எடுத்துட்டா வேகம் வராதே!" என்று பதறினார்.

வெறும் எழுத்துப் பலகை வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அவர் கையில் சோறு காய்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்தார்.

"மிக்ஸியக் குடுத்தீங்க. கட்டிலக் குடுத்தீங்க. என் வாயையும் உங்க அக்காவுக்கே குடுத்துட்டீங்க."

அவள் அடித்து முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தாரே, அதைத்தான் அவள் கவனித்தாள்.

சனிக்கிழமை நாத்தனார் மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னமோ நான் திருடிட்டுப் போன மாதிரி என் தம்பியப் போட்டு வாட்டுறியாமே. வாயில்லாதப்பவே இப்படின்னா! இந்தா, உன் மிக்ஸி. மனுஷங்கள விட மிக்ஸி பெரிசாப் போச்சு உனக்கு. பாவம், அவன் எளைச்சுப் போயிட்டான்."

அவள் கையை நீட்டவில்லை. அடிக்க ஆரம்பித்தாள். நாத்தனாரும் விடாமல் பேசிப் பார்த்தாள்; பதில் வராத பேச்சு எவ்வளவு நேரம் ஓடும்? நின்றுபோனது. மிக்ஸி கனத்தது. ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "இன்னுமா எழுதற? என்ன, மகாபாரதமா?" உள்ளேயிருந்து கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் நாத்தனார் ஒரு தடவைகூட வந்து பார்க்காததிலிருந்து தொடங்கி, பக்கம் நிறைய எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூன்றே வார்த்தை அடித்தாள்.

"சின்ன ஜார் எங்க?"

நாத்தனார் மிக்ஸியைத் தரையில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். சின்ன ஜார் அரைமணி நேரத்தில் வந்தது. இஸ்திரிப் பெட்டியும் கூடவே வந்தது. கட்டில் வரவில்லை, அதில் யாரோ படுத்திருக்கிறார்களாம்.

ஞாயிறு முழுக்க அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒற்றை எழுத்துக்குள் வாக்கியங்களை முடிந்து வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஜன்னலில் யாரும் புதுசாக ஒரு பொய் சொன்னதில்லை. வண்டி கிளம்பப் போகிறது, பழசு தொலைந்துவிட்டது, மேனேஜர் சொல்லிவிட்டார், நாளைக்குத் தந்துவிடுகிறேன்: சுற்றிச் சுற்றி இருபது சாக்குதான். இருபதுக்கும் அவளிடம் பதில் இருந்தது. வேறு யாருடைய வார்த்தையும் அதில் கலக்கவில்லை. மாலையில் காபியோடு வந்து எட்டிப் பார்த்த கணவர், "எனக்கும் ஏதாவது முடிஞ்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள்.

"கட்டில் எப்ப வருது?" என்றது டேப்லெட்.

திங்கட்கிழமை மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு அலமாரியோரம் நின்றார். லேபிள் ரூம் சாவி அவர் சட்டைப் பையில் தெரிந்தது. மீசை வரிசையில் இரண்டாவது ஆள்.

"அக்கா வந்திருக்கேன்," என்றான் சிரிப்போடு. "பெல்ட் ஒண்ணு."

ஒரு தட்டு. "பழசைக் கொண்டா, புதுசு வாங்கு."

"வண்டி கிளம்பப் போவுது, அப்புறம் தரேன்."

ஒரு தட்டு. "வண்டி நீ பொறந்ததுலேருந்து கிளம்பப் போவுது."

வரிசை சிரித்தது. மீசையின் காது சிவந்தது. "பழசு எங்கயோ விழுந்துடுச்சு."

"விழுந்த இடத்துல போய்க் கேளு."

அவன் போனான். ஐந்து நிமிஷத்தில் ஒரு பெல்ட்டோடு திரும்பி வந்து கட்டையில் போட்டான். அவள் எடுத்தாள், மடித்தாள், வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். வெடிப்பே இல்லை. இதற்கு முடிந்து வைத்த வாக்கியம் கிடையாது. அவள் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் ஒருவரும் நகரவில்லை, பேசவில்லை. என்ன வரப்போகிறது என்று எல்லார் கழுத்தும் நீண்டிருந்தது. மீசை மீசையை நீவினான், விட்டான், திரும்ப நீவினான்.

"இது நல்ல பெல்ட். எந்த வண்டிலேருந்து கழட்டின? டிரைவருங்க பின்னாடிதான் நிக்கறாங்க."

மீசை திரும்பிப் பார்த்தான். ஒரு டிரைவர் வரிசையைவிட்டு வெளியே வந்தார். "டேய், என் வண்டியவா..." என்று அவர் ஆரம்பித்தபோது மீசை பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான்.

வரிசை பதினோரு மணிக்குள் கரைந்தது. பொருள் ஒன்றும் பழசில்லாமல் போகவில்லை. மேனேஜர் சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். பாராட்ட மனசு வரவில்லை அவருக்கு.

"சரிம்மா, ஜன்னல நீங்களே பாத்துக்கங்க. அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைச்சு வைங்க. என் ரூம் வரைக்கும் கேக்குது."

அவள் தலையாட்டினாள். அவர் திரும்பியதும் டேப்லெட்டின் ஓரத்துப் பொத்தானைத் தேடிப் பிடித்து, சத்தத்தை இரண்டு படி ஏற்றி வைத்தாள்.