அதிர்வது வண்டிதான்

வண்டலூரில் கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எங்கள் கார் நடுங்கத் தொடங்கும். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு உதறல் கிளம்பி முதுகு வரை ஏறும். காலை எடுத்தால் அடங்கிவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி. சில வாரங்களாக அதே நேரத்தில் என் நெஞ்சுக்குள்ளும் ஒன்று தடதடத்தது. அது சீராகவும் இல்லை. நாலு அடி அடித்து, ஒன்றை விழுங்கி, விட்டதைப் பிடிக்க ஓடுவது போல இருந்தது.

கிளை அலுவலகங்களை ஆய்வு செய்து அறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டு புகார்கள் வந்தால் எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன், தெரியவில்லை. கார் உதறுவதால் நெஞ்சு பயந்ததா, நெஞ்சு தடுமாறுவதால் எனக்குக் கார் உதறுவதாகத் தோன்றியதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் கேட்டேன். இந்தச் சாலையில் எது உதறவில்லை என்றாள்.

கணினியில் தேடிப் படித்தேன். இதயத் துடிப்பு கூடிக் குறைய காபி காரணமாகலாம். தூக்கக் குறைவு, காய்ச்சல், மாடிப்படி, பயம், தைராய்டு மாத்திரை எதுவும் ஆகலாம். வேகம் எடுக்கும்போது கார் அதிர, இன்ஜினைத் தாங்கும் ரப்பரோ, டயரோ, பிளக்கோ, சக்கரத்தைச் சுழற்றும் தண்டோ காரணமாகலாம். இரண்டு கட்டுரைகளும் ‘பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று ஆரம்பித்து ‘உடனே நிறுத்துங்கள்’ என்று முடிந்தன. எங்கள் துறைச் சுற்றறிக்கைகளே தேவலை.

அதன் பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பேன். கீழே போய் காரை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்பேன். மேலே வந்தால் படி ஏறிய படபடப்பு. அது எந்தக் கணக்கில் சேரும் என்று மறுபடி மணிக்கட்டைப் பிடிப்பேன். நின்ற இடத்தில் கார் சாதுவாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் நானும் அப்படித்தான்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனை முடிந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு நாவலூரில் மகள் வீட்டுக்குப் போவது வழக்கம். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு நடுவழியில் ஏதாவது ஆனால் இடப்பக்க இருக்கையில் அவள் இருப்பாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலைவதைப் பார்த்த மனைவி மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

“அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேணாம்,” என்றாள் மகள் போனில். “கேப் புக் பண்ணிடறேன்.”

விசாரணைக்கு முன்பே தண்டனையா என்று கேட்டேன். அவள் என் மகள், நடைமுறைக்குக் கட்டுப்பட்டாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஸ்டியரிங் என்னிடமே இருக்கும் என்று முடிவானது.

இதய மருத்துவர் ஈசிஜி எடுத்தார். அதில் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை மார்பில் ஒட்டி இடுப்பில் தொங்கவிட்டார்கள். படபடப்பு வந்தால் அழுத்த அதில் ஒரு பட்டன் இருந்தது. “எப்பவும் போல இருங்க சார்,” என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

அன்று நான் காபி குடிக்கவில்லை. மாடிப்படி ஏறவில்லை. காரின் மேல் உறையைப் போட்டு மூடினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்ணீர் லாரி விவகாரமாகக் கதவைத் தட்டியபோது, நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். மின்விசிறியின் கீழே சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். இதில் ஏமாற்று இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஆய்வு நாள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அறிக்கை சுத்தமாக வந்தது. அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அப்படியானால் குற்றவாளி கார். சேலையூர் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் முதலில் சக்கரங்களைச் சமன் செய்து கொடுத்தார், உதறல் நிற்கவில்லை. அடுத்து ஒரு டயரை மாற்றச் சொன்னார், மாற்றியும் நிற்கவில்லை. கடைசியில் அவரே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, வேளச்சேரி சாலையில் போனோம். விமானப்படைச் சுவரை ஒட்டி ஆள் குறைந்த இடத்தில் அழுத்தினார். கார் உதறியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வேறொருவர் காலின் கீழும் அது உதறுகிறது. திரும்பி வந்து காரைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“உள் ஜாயின்ட் போய்கீது சார். ரப்பர் கிழிஞ்சி கிரீஸ் பூரா வெளிய வந்துகீது.”

இன்ஜினிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு அது. வேகம் எடுக்கும்போதுதான் அதன் மேல் பாரம் விழும் என்றார். புதிது போட்டார். கோப்பை மூடிவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. வண்டலூரில் திரும்பினோம். சாலை காலியாக இருந்தது. அழுத்தினேன். கார் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனது. அடியில் சின்ன முனகல்கூட இல்லை. இவ்வளவு நாள் இந்த உதறலோடா போய்க்கொண்டிருந்தோம் என்று மனைவி வியந்தாள். கையில் இருந்த கேக் டப்பாவைக் காட்டி, பாருங்கள், மூடிகூட ஆடவில்லை என்றாள்.

அந்த அமைதியில்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாலு அடி. ஒரு விழுங்கல். அப்புறம் ஓட்டம். இந்த முறை அதை மறைக்க இரைச்சல் இல்லை, பழி போட வண்டி இல்லை. ஸ்டியரிங்கின் ஓரம் ஒரு கணம் மங்கி, மறுபடி தெளிந்தது.

“சரியாயிடுச்சு இல்ல?” என்றாள்.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அறிக்கை என் பக்கம் இருந்தது. மகள் ஒப்புக்கொண்டாயிற்று. நாவலூர் அதிக தூரமும் இல்லை. அவள் கேக் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இடது இண்டிகேட்டரைப் போட்டு, ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

“வண்டி சரியாயிடுச்சு,” என்றேன். “எனக்குத்தான் ஆகல.”

அவள் பதறவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், மகளை வரச் சொல்லிப் பேசினாள். பிறகு அந்தக் கருவி மாட்டிய அன்றைக்கு நான் என்னென்ன செய்தேன் என்று, செய்யாதவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். மோரைக்கூட விடவில்லை.

“ஆய்வுக்கு நீங்க போற ஆபீஸெல்லாம் முந்தின நாளே பெருக்கித் துடைச்சு வெச்சிருப்பாங்கன்னு வீட்டுக்கு வந்து திட்டுவீங்களே,” என்றாள். “நீங்க செஞ்சது என்ன?”

மகள் கேப்பில் வந்து இறங்கி எங்கள் காரை ஓட்டினாள். இடப்பக்கம் உட்கார்ந்து வந்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள், கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றுகிறாள். அன்று சொல்லவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். ‘இப்போதைக்கு’ என்று ஆரம்பித்த பதவிகளில் ஓய்வு பெறும் வரை இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் வாதாடவில்லை. மார்பில் மறுபடி கருவியை ஒட்டினார்கள்.

இந்த முறை எழுந்ததும் டிகாக்‌ஷன் தூக்கலாகக் காபி குடித்தேன். மொட்டை மாடி வரை படி ஏறி, துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். செயலாளரை நானே தேடிப் போய்த் தண்ணீர் லாரி பற்றி எனக்குத் தெரிந்த எல்லா விதிகளையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. பாதிப் பேச்சில் நெஞ்சுக்குள் அது வந்தது. நாலு அடி, ஒரு விழுங்கல்.

செயலாளரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, சட்டையை விலக்கிப் பட்டனை அழுத்தினேன்.